புகையிலைக்கு ஒரு கழிவு

ஐக்கிய அமெரிக்க நாடுகளிலே தொழிலாளி ஒருவர் சம்பளம் வாங்கும்போது, அதனோடு தரப்படும் சீட்டிலே சில கழிவுகள் குறிக்கப்பட்டிருக்கும். அரசாங்க வரி ஒன்று. முதுமைக் காலத்துக்கென ஒதுக்குவது ஒன்று. சுகாதாரக் காப்புறுதிக்கெனப் பிடிப்பது மற்றொன்று. அந்நாட்டில் உழைக்கும் வயதினருட் பெரும்பாலோருக்கு வைத்தியச் செலவைத் தாங்கும் காப்புறுதி வேலைகொள்வோர் வழியாகவே கிடைக்கிறது. முதலாளி ஒரு பங்கும் தொழிலாளி ஒரு பங்கும் செலுத்துவர். பல நிறுவனங்களின் சீட்டுகளில் இவற்றோடு இன்னொரு கழிவும் காணப்படும். அதுவே புகையிலை மேற்கட்டணம். புகைப்பவரும் புகையிலை மெல்லுபவரும், அப்பழக்கம் இல்லாத சக தொழிலாளியைவிடக் கூடுதலான தொகையைக் காப்புறுதிக்குச் செலுத்தவேண்டும் என்பது அதன் பொருள்.

இதற்குச் சொல்லப்படும் நியாயம் எளிதில் விளங்கக்கூடியது. புகையிலையால் நோய் வருகிறது. நோயினால் செலவு வருகிறது. அச்செலவைப் பழக்கம் இல்லாதவர் ஏன் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்? பணம் போகிறதே என்னும் கவலையால் சிலர் பழக்கத்தை விட்டுவிடவும் கூடும். ஆயினும் முதலாளி விரும்பியபடியெல்லாம் இக்கட்டணத்தை விதித்துவிட முடியாது. 2013ஆம் ஆண்டில் வெளியான விதிகளின்படி, தொழிலாளி ஒருவரின் காப்புறுதிக்கு ஆகும் மொத்தச் செலவிற் பாதிக்கு மேல் இது போகலாகாது. அதனினும் முக்கியமானது, கட்டணத்திலிருந்து விடுபட ஒரு வழி திறந்திருக்க வேண்டும் என்பது. புகையிலையை விடுவதற்கான வகுப்பிலோ ஆலோசனையிலோ ஒருவர் கலந்துகொண்டு அதனை முடித்தாராயின், பழக்கம் அவரைவிட்டு நீங்காவிட்டாலும் கட்டணம் நீங்கவேண்டும். இவ்வழி உண்டென்பதைத் தொழிலாளிக்கு அறிவித்தலும் வேண்டும். முறையாக அறிவிக்கவில்லை, வகுப்பை முடித்த பின்னரும் முழுத்தொகை திரும்பவில்லை என்று அண்மை ஆண்டுகளில் தொழிலாளர் பல நிறுவனங்கள் மீது வழக்குத் தொடர்ந்திருக்கின்றனர். ஏட்டில் உள்ள விதி தொழிற்சாலை வாயிலை எட்டுவது எந்நாட்டிலும் கடினம் போலும்.

அமெரிக்கச் சம்பளச் சீட்டுக்கும் ஹட்டன், நுவரெலியாத் தேயிலை மலைகளுக்கும் என்ன தொடர்பு என்று நேயர்கள் வினவலாம். மலையகத் தோட்டங்களில் இத்தகைய மேற்கட்டணம் இல்லை. ஆனால் தொழிலாளியின் உடல்நலத்துக்கு முதலாளியும் பொறுப்பாளி என்னும் கொள்கை இம்மலைகளுக்குப் புதிதன்று. அமெரிக்கக் காப்புறுதியைவிட அது மூத்தது. கோப்பிப் பயிர் செழித்திருந்த காலத்திலேயே, 1872இல், தோட்டப் பகுதிகளுக்கான வைத்தியத் தேவைச் சட்டம் பிறந்தது. தென்னிந்தியாவிலிருந்து நடந்தே வந்து, வழியிலும் லயத்திலும் காய்ச்சலாலும் வயிற்றோட்டத்தாலும் மடிந்தோர் தொகை மறைக்க முடியாதபடி பெருகியிருந்தமையே அதற்குக் காரணம். 1912இல் இச்சட்டங்கள் திருத்தி விரிவாக்கப்பட்டன. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் இருபதுக்கு மேற்பட்ட பிராந்தியக் கம்பனிகளிடம் சென்றது. 1990களிலிருந்து தோட்ட வைத்தியசாலைகள் சிலவற்றை அரசாங்கம் பொறுப்பேற்றது. எனினும் தோட்டத்து டிஸ்பென்சரியும், அங்கே மருந்து கொடுக்கும் வைத்திய உதவியாளரும், பிள்ளைக் காம்பராவும் இன்றும் தோட்ட வாழ்வின் அங்கங்களாகவே இருக்கின்றன. அரசாங்க வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். ஆகவே இங்கே காப்புறுதிக் கணக்கு இல்லை. புகையிலையால் வரும் செலவு மட்டும் இல்லாமற் போய்விடவில்லை. ஒரு பங்கை அரசாங்கம் ஏற்கிறது. வேலை குறைவதால் ஒரு பங்கு தோட்டத்தின் தலையில் விழுகிறது. மிகப் பெரிய பங்கு லயத்துக் காம்பராவுக்குள்ளேயே கழிந்துவிடுகிறது.

மேல்நாட்டில் புகையிலை என்றால் பெரும்பாலும் சிகரெட் என்றே பொருள். தோட்டங்களில் ஆண்களிடையே சிகரெட்டும் பீடியும் உண்டெனினும், மலையக மக்களின் புகையிலை முதன்மையாக வாயிற் போட்டு மெல்லும் புகையிலையே. இலங்கையில் 2015இல் நடந்த தேசிய ஆய்வில் வயதுவந்த ஆண்களுள் நூற்றுக்கு 45க்கு மேற்பட்டோரும், பெண்களுள் நூற்றுக்கு ஐவர் அளவினரும் ஏதாவதொரு வடிவிற் புகையிலையைப் பயன்படுத்துவோராகக் காணப்பட்டனர். பெண்கள் புகைப்பது இந்நாட்டில் மிக அரிது. பெண்களின் பங்கு ஏறத்தாழ முழுவதும் வெற்றிலையோடு சேர்ந்த புகையிலையே. தோட்டப்புறங்களில் அப்பழக்கம் நகரங்களைவிடப் பெண்களிடத்து மிகுதி.

அது ஏன் என்பதை அறிய வேண்டுமாயின், கொழுந்து எடுப்பவரின் ஒரு நாளைப் பார்த்தல் வேண்டும். விடியலில் எழுந்து, அடுப்பு மூட்டி, பிள்ளைகளை அனுப்பி, ஒரு கோப்பைச் சாயத்தோடு பெரட்டுக்குச் செல்லவேண்டும். அங்கிருந்து மலைக்கு. அக்கரபத்தனைப் பக்கத்துக் குளிரும், நோர்வூட்டுப் பக்கத்து மழையும் நேயர்கள் அறியாதவை அல்ல. இடுப்பிற் படங்கு, தலையிலிருந்து தொங்கும் கூடை, காலில் அட்டை. நிறுவைக்குக் குறித்த கிலோ வராவிட்டால் அந்த நாளுக்கு அரைப்பேர்தான். இடையிற் பசித்தால் உண்பதற்கு நேரமும் இல்லை. கையில் எதுவும் இருப்பதும் இல்லை. சுருக்குப் பையில் இருப்பது வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, ஒரு துண்டு புகையிலை. பாக்கிலுள்ள அரிக்கோலின் என்னும் பொருள் உடலில் ஒரு வெதுவெதுப்பை உண்டாக்குகிறது. புகையிலையின் நிக்கொட்டின் பசியை அடக்கிச் சோர்வை மறைக்கிறது. சுண்ணாம்போ வாயில் காரத்தன்மையை ஏற்படுத்தி, அந்த நிக்கொட்டின் கன்னத்தின் உட்தோல் வழியே விரைந்து இரத்தத்திற் கலக்க உதவுகிறது. முன்னோர் இரசாயனம் படியாமலே இச்சேர்க்கையைக் கண்டுபிடித்திருக்கின்றனர்! இதனைச் சோம்பேறிகளின் கேளிக்கை என்று தள்ளிவிடுவோர் ஒரு நாள் மழையில் அம்மலையில் நின்று பார்க்கலாம். அங்கே அது வேலைக்கான ஓர் உபகரணம் போலவே ஆகிவிட்டது. வாங்கவும் கொடுக்கவும், உறவு கொண்டாடவும், துக்கம் விசாரிக்கவும் வெற்றிலைத் தட்டே முன்னிற்பதால், மறுப்பது மரியாதைக் குறைவாகவும் கருதப்படும்.

இதன் விலை வாயில்தான் முதலில் தெரிகிறது. இலங்கை ஆண்களிடத்து மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாயைச் சார்ந்ததே. அது ஒரே நாளில் வருவதில்லை. கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளைத் திட்டு ஒன்று தோன்றும், வலி இராது. சிலருக்குச் சிவந்த திட்டுத் தோன்றும். அது இன்னும் ஆபத்தானது. வேறு சிலருக்கு வாயின் உட்தோல் மெல்ல மெல்ல இறுகி நார்போல் ஆகும். மிளகாய் பட்டால் எரியும். வாய் வரவரச் சிறுத்து, கடைசியில் சோற்றுக் கவளம் நுழைவதே பாடாகிவிடும். இந்நார்த்தன்மைக்கு முதற் காரணம் பாக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1985இல் புகையிலை சேர்ந்த வெற்றிலையைப் புற்றுநோய் விளைவிப்பது என்று முடிவு செய்தது. 2004இல் வெளிவந்த அதன் தொகுப்பில் பாக்குத் தனித்தும் புற்றுநோய் விளைவிப்பதே என்று சேர்த்துக்கொண்டது. ஆகவே, “புகையிலையை எடுத்துவிட்டு வெறும் பாக்கைப் போடுகிறேன்” என்பவருக்கு அரைப்பங்குப் பாதுகாப்புத்தான் உண்டு.

வெள்ளைத் திட்டு நிலையில் கண்டுகொண்டால் பெரும்பாலும் தடுத்துவிடலாம். கண்டுகொள்வதற்குப் பெரிய இயந்திரங்களும் வேண்டுவதில்லை. வெளிச்சமும், பார்க்கப் பழகிய ஒரு கண்ணும் போதும். 1980களின் முற்பகுதியில் இலங்கையிலே இது நடத்திக் காட்டப்பட்டது. சிறிது காலம் பயிற்சி பெற்ற 34 ஆரம்பச் சுகாதார ஊழியர்கள் ஓராண்டில் 28,000க்கு மேற்பட்டோரின் வாய்களைப் பார்வையிட்டு, சந்தேகத்துக்குரியவர்களைப் பிரித்தறிந்தனர். அவர்கள் பிரித்தவை பெரும்பாலும் சரியாகவே இருந்தன. உலகின் பல நாடுகளுக்கும் முன்மாதிரியான ஆய்வு அது. ஆனால் மேற்பரிசோதனைக்குச் செல்லும்படி அனுப்பப்பட்டவர்களுள் பாதிக்குச் சற்று மேற்பட்டோரே சென்றனர். நாட்கூலிக்கு வேலை செய்பவர் கண்டி நகருக்கோ பேராதனைப் பல் வைத்தியசாலைக்கோ போய்வரப் பஸ் கட்டணம் கொடுக்கவேண்டும். அந்த நாளின் பேரையும் இழக்கவேண்டும். வலியில்லாத ஒரு வெள்ளைத் திட்டுக்காக இரண்டையும் இழக்க எத்தனை பேர் துணிவர்?

இந்த இடத்தில்தான் மேற்கட்டணம் என்னும் யோசனையை இம்மலைகளில் வைத்து எண்ணிப் பார்க்க வேண்டியுள்ளது. புகையிலை மெல்லுபவரின் செக்ரோலில் மாதம் ஒரு நாட்கூலி கழிக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். 2024இல் அடிப்படை நாட்கூலி 1,350 ரூபா என்று நிர்ணயிக்கப்பட்டது. அந்தத் தொகை ஒரு துரைக்குப் பெரிதன்று; மாதத்தில் பதினெட்டு இருபது நாள் மாத்திரம் வேலை கிடைக்கும் குடும்பத்துக்கு அது பிள்ளைகளின் பால்மா. சட்டமும் இதற்கு இடங்கொடாது. 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம், அனுமதிக்கப்பட்ட கழிவுகளைத் தவிர வேறெதனையும் கூலியிலிருந்து பிடிப்பதைத் தடுக்கிறது. சட்டம் அவ்வாறு இறுக்கமாக இருப்பதற்கு வரலாறு உண்டு. வழிச்செலவும் முற்பணமும் கடனாகப் பதியப்பட்டு, அக்கடன் தீர்க்கப்படும் என்பதைக் காட்டும் துண்டு இல்லாமல் ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்குப் போகமுடியாத காலம் ஒன்று இருந்தது. அத்துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது. கடையிற் பற்று, அரிசிக்குக் கழிவு, கங்காணிக்குச் சேரவேண்டியது என்று சம்பள நாளன்று கணக்குப் பார்த்தால் கையில் எதுவும் மிஞ்சாத அனுபவம் பாட்டன் பாட்டியர் வழியே இன்றுவரை பேசப்படுகிறது. அத்தகைய மக்களிடம் “உன் நன்மைக்காகவே கழிக்கிறோம்” என்றால் யார் நம்புவர்?

நம்பாமை மட்டுமன்று, அதைவிடப் பெரிய தீங்கு ஒன்றும் உண்டு. கழிவுக்கு அஞ்சுபவர் முதலிற் செய்வது பழக்கத்தை மறைப்பது. சுருக்குப் பையை ஒளிப்பார்; வாயைக் கழுவுவார்; வைத்திய உதவியாளர் கேட்டால் “இல்லை, ஐயா” என்பார். வாயைத் திறந்து காட்டவேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொள்வார். நுரையீரலைக் கெடுக்கும் சிகரெட்டைப் போலன்றி, மெல்லும் புகையிலையின் தீங்கு, வாயைத் திறந்தாற் கண்ணுக்குத் தெரிவது. வாய் பார்க்கும் பழக்கத்தை அழிக்கும் எந்த ஏற்பாடும், எத்தனை ரூபா சேமித்தாலும், நோயாளியை ஆண்டுகள் பிந்தியே வைத்தியசாலைக்கு அனுப்பும்.

அமெரிக்க அனுபவமும் இதற்கு அதிகம் முரண்படவில்லை. தொழிலிடத்துக்கு வெளியே தனியாகக் காப்புறுதி வாங்குவோர் மீதும் 2014 முதல் அங்கே புகையிலை மேற்கட்டணம் விதிக்கப்பட்டது. கட்டணம் மிகுந்த இடங்களிற் புகைப்போர் புகைப்பதை விட்டதாக 2016இல் வெளிவந்த ஆய்வு ஒன்றிற் காணப்படவில்லை. காப்புறுதியைத்தான் அவர்களிற் பலர் விட்டிருந்தனர். நோய்க்கு மிக அருகில் நிற்பவரே வைத்தியத்துக்கு மிகத் தொலைவிற் போனார்.

பணத்தை மறுபக்கம் வைத்துப் பார்த்தவர்களும் உண்டு. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் தொழிலாளர் 878 பேரைக் கொண்டு ஒரு பரிசோதனை நடந்தது. அதன் முடிவுகள் 2009இல் வெளியாயின. அவர்களுள் ஒரு சாராருக்குப் புகையிலையை விடுவது பற்றிய தகவல் மாத்திரம் தரப்பட்டது. மற்றச் சாராருக்கு வகுப்பை முடித்தால் 100 டொலர், ஆறு மாதத்துக்குள் விட்டால் 250 டொலர், மேலும் ஆறு மாதம் விட்டபடியே இருந்தால் 400 டொலர் என்று பரிசு. ஓராண்டளவிற் பார்த்தபோது, முதற் சாராரில் நூற்றுக்கு ஐவரும், பரிசு பெற்ற சாராரில் ஏறத்தாழப் பதினைவரும் பழக்கத்தை விட்டிருந்தனர். இதில் வேடிக்கை என்னவெனில், வெற்றி கண்ட அந்நிறுவனமே பின்னர் எல்லாத் தொழிலாளருக்கும் திட்டத்தை விரித்தபோது, “நாங்கள் புகைக்கவே இல்லை, எங்களுக்குப் பரிசு எங்கே?” என்று மற்றையோர் முறையிட, பரிசைக் கைவிட்டு ஆண்டுக்கு 625 டொலர் மேற்கட்டணத்துக்கு மாறியது. பயன் தந்தது ஒன்று. நியாயமாகத் தோன்றியது வேறொன்று.

2015இல் வெளியான இன்னொரு பரிசோதனை, பரிசையும் பிணைப்பணத்தையும் ஒப்பிட்டது. பரிசுத் திட்டத்தைப் பத்திலே ஒன்பது பேர் ஏற்றனர். தம் சொந்தப் பணம் 150 டொலரை முன்வைத்து, விட்டால் மீளப்பெறுவது, விடாவிட்டால் இழப்பது என்னும் திட்டத்தை நூற்றுக்குப் பதினால்வர் அளவினரே ஏற்றனர். ஆறு மாதத்தில் பரிசுத் திட்டத்தாரில் நூற்றுக்குப் பதினாறு பேர் அளவிலும், பிணைப்பணத் திட்டத்தாரில் பத்துப்பேர் அளவிலும், இரண்டும் இல்லாதவரில் ஆறு பேரும் பழக்கத்தை விட்டிருந்தனர்.

பிணைப்பணம் வறியோருக்கு ஒவ்வாது என்று எண்ணிவிடக்கூடாது. பிலிப்பைன்ஸ் நாட்டின் மிந்தனாவோத் தீவில் ஒரு வங்கி, ஏழை மக்களிடமே இதனைச் செய்து பார்த்தது. புகைப்பவர் ஆறு மாதம் தம் சிறுசேமிப்பை வங்கியில் இட்டு வருவார். இறுதியிற் சிறுநீர்ப் பரிசோதனையில் நிக்கொட்டின் இல்லையென்றால் பணம் முழுவதும் அவருக்கு. இருந்தால் அது தருமத்துக்கு. நூற்றுக்குப் பதினொருவரே சேர்ந்தனர். ஆயினும் இவ்வாய்ப்பு வழங்கப்பட்டவர்களிடையே, ஓராண்டு கழித்து எதிர்பாராமற் பரிசோதித்தபோதும், பழக்கத்தை விட்டோர் தொகை மற்றையோரைவிடக் கூடுதலாகவே இருந்தது. சீட்டுப் பிடித்து வளையல் வாங்கிய மலையகப் பெண்களுக்கும், மரண உதவிச் சங்கத்துக்கு மாதந்தோறும் பணம் கட்டும் லயத்தாருக்கும் இம்முறை அந்நியமாகத் தோன்றாது. வேறுபாடு ஒன்றே: சீட்டில் தாமே விரும்பிச் சேர்கின்றனர், கழிவில் மற்றவர் பிடிக்கிறார்.

ஆயினும் பரிசோ பிணையோ தனியே நின்று பழக்கத்தை அகற்றிவிடாது. நிக்கொட்டின் இல்லாமற் கழியும் முதல் மூன்று நான்கு நாள்களே மிகக் கடினமானவை. எரிச்சல், தலைவலி, தூக்கமின்மை, எதிலும் மனம் செல்லாமை, தாங்கொணாப் பசி ஆகியன வரும். இரண்டு முதல் நான்கு வாரங்களில் இவை தணியும். இதை முன்கூட்டி அறிந்தவர் பொறுத்துக்கொள்வர். அறியாதவர், “புகையிலை இல்லாமல் உடம்பு நோயாகிவிட்டது” என்று மீண்டும் சுருக்குப் பையைத் திறப்பர். வைத்திய உதவியாளர் ஒருவர் மூன்று நிமிடம் பேசினாலே விடுவோர் தொகை கூடும் என்பது பல நாடுகளிற் கண்ட உண்மை. உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டி, புகையிலை மெல்லுவோருக்கும் ஆலோசனையோடு, நிக்கொட்டின் கலந்த மெல்லும் பசை, ஒட்டுத்துணி ஆகியனவற்றையோ வரெனிக்லின் என்னும் மாத்திரையையோ பரிந்துரைக்கிறது. நிக்கொட்டின் மாற்று மருந்து 2009 முதலே அந்நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் உள்ளது.

இலங்கையிலே 2006ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபை, 1948 என்னும் தொலைபேசி எண்ணில் ஆலோசனை வழங்குகிறது. 2015இலிருந்து சிகரெட் பெட்டியின் நூற்றுக்கு 80 பங்கை நோயின் படங்கள் நிரப்புகின்றன. 2016இல் புகையிலை கலந்து பொதிசெய்த மெல்லும் கலவைகள் தடைசெய்யப்பட்டன. எனினும் பெட்டியில்லாமல் கடையில் நறுக்கித் தரும் புகையிலைத் துண்டுக்குப் படமும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. அதனால் மலையகத்துக்கு வேண்டிய எச்சரிக்கை, பேசும் மனிதர் வழியாகவே வரவேண்டியுள்ளது.

அப்பேச்சுக்குத் தோட்டத்திலே இடங்கள் உண்டு. பெரட்டுக்களம் உண்டு, டிஸ்பென்சரி உண்டு, தாய்மார் நாள்தோறும் வந்துபோகும் பிள்ளைக் காம்பரா உண்டு. வேலைத் தலத்திலே காலை பத்து மணிக்குச் சாயமும் ஒரு ரொட்டியும் கிடைக்குமாயின், பசியை அடக்க மெல்லும் வெற்றிலை ஒன்று குறையும். தொழிற்சங்கங்களும் கூலிப் பேச்சுவார்த்தையின்போது வாய்ப் பரிசோதனைக்குச் சம்பளத்தோடு கூடிய ஒரு நாளைக் கேட்கலாம். கம்பனிகளும் அதைக் கொடுக்கலாம். முற்றிய வாய்ப்புற்று ஒன்றினால் ஒரு கொழுந்துக்காரி மலைக்கு வராமற் போகும் மாதங்களை எண்ணினால், அந்த ஒரு நாளின் கூலி மிகச் சிறிய தொகையே.

இதற்கிடையில், ஒவ்வொருவரும் லயத்து வாசலின் வெளிச்சத்திலேயே ஒரு கண்ணாடியைப் பிடித்துத் தம் வாயைப் பார்த்துக்கொள்ளலாம். இரு கன்னங்களின் உட்புறம், நாக்கின் இரு பக்கம், நாக்கின் அடி, வெற்றிலையை ஒதுக்கி வைக்கும் பக்கத்து ஈறு ஆகியனவே பார்க்கவேண்டிய இடங்கள். வெள்ளை அல்லது சிவப்புத் திட்டோ, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ காணப்பட்டாலும், வாயை முழுதும் திறந்து மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி நுழைக்க இயலாவிட்டாலும், டிக்கோயாவிலோ நுவரெலியாவிலோ உள்ள அரசாங்க வைத்தியசாலைக்குச் சென்று காட்டுதல் வேண்டும். வலி தோன்றட்டும் என்று காத்திருத்தல் கூடாது.